வலைக் கழிவும் வாரச் சேமிப்பும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கழிவிலிருந்து வருமானம் என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்காங்க. கழிவு என்றதும் கூடை முடைவதும் மிதியடி செய்வதும்தான் நமக்கு நினைவுக்கு வரும். நான் இன்னைக்குச் சொல்லப் போவது ஒரு பெரிய கம்பெனிக்கு மூலப்பொருளாகப் போன கழிவைப் பற்றி. அந்தக் கதையில் நம்மைப் போலச் சேமிப்புக் குழுக்களும் வருது. அதனாலதான் இதை எடுத்துக்கிட்டேன்.

பெரிய ஆபீஸ், விமான நிலையம் போன்ற இடங்களில் தரையில் சதுரம் சதுரமாகக் கார்பெட் பதித்திருப்பார்கள். ஒரு சதுரம் பெரும்பாலும் அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் இருக்கும். அதற்குக் கார்பெட் டைல் என்று பெயர். ஒரு இடம் தேய்ந்து போனால் அந்தச் சதுரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மேலே இருப்பது நைலான் நூல். அடியில் பிளாஸ்டிக்கோ தாரோ சேர்த்த கனமான அடிப்பாகம். இதெல்லாம் வழக்கமாகப் பெட்ரோலியத்திலிருந்து வருகிற பொருள். குப்பையில் போட்டால் மக்காது.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ரே ஆண்டர்சன் என்பவர் 1973இல் இன்டர்ஃபேஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி இந்த டைல்களைச் செய்தார். 1994இல் வாடிக்கையாளர்கள், சுற்றுச்சூழலுக்கு உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவரிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் பால் ஹாக்கன் எழுதிய ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. பூமியிலிருந்து தோண்டி எடுத்து, பொருளாக்கி, கடைசியில் குப்பையாக்குகிற தொழிலைத்தான் நாமும் செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. 2020க்குள் பூமிக்குக் கேடில்லாத கம்பெனியாக மாற்ற வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2011இல் அவர் காலமானார். ஆனால் வேலை நிற்கவில்லை. ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த நைலான் நூலைக்கூடப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

இன்னொரு வழி, பழைய நைலானையே திரும்ப நூலாக்குவது. சாதாரணமாக பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி வார்த்தால் தரம் குறையும். ஆனால் நைலான் 6 என்ற வகையை ரசாயன முறையில் அதன் மூலப்பொருளாகவே பிரித்துவிடலாம். சாயமும் அழுக்கும் நீங்கிவிடும். பழைய நகையை உருக்கிச் சுத்தம் செய்து புது நகை செய்கிற மாதிரின்னு வைச்சுக்குங்க. இத்தாலியைச் சேர்ந்த அக்வாஃபில் கம்பெனி இதற்கென்றே 2011இல் ஸ்லோவீனியா நாட்டின் லியூப்லியானா நகரில் ஒரு ஆலையைத் திறந்தது. மீன்பிடி வலைகளில் பல, இந்த நைலான் 6 வகைதான்.

சரி, பழைய வலையை யார் சேர்த்துக் கொடுப்பது?

பிலிப்பைன்ஸ் நாட்டில் போஹோல் தீவை ஒட்டி டனஹோன் என்ற பவளத்திட்டு இருக்கிறது. சுற்றிலும் ஏழை மீனவக் கிராமங்கள். கிழிந்த வலைகளைக் கரையிலும் கடலிலும் போட்டுவிடுவார்கள். கடலில் கிடக்கிற வலை சும்மா இருக்காது. ஆள் இல்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். பவளத்தில் சிக்கி அதையும் கெடுக்கும். மீன் குறைந்தால் மீனவர் வீட்டில்தான் அடுப்பு எரியாது.

2012இல் இன்டர்ஃபேஸ் கம்பெனியும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து அங்கே நெட்-வொர்க்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கின. ஊர் மக்கள் வலைகளைச் சேகரித்து, மண் போகச் சுத்தம் செய்து, வகை பிரித்து, எடை போட்டு விற்றார்கள். வலை இடத்தை அடைக்கும் என்பதால் அழுத்திக் கட்டுகளாக்கி அனுப்பினார்கள். அது ஆலைக்குப் போய் நூலானது. 2013இல் அந்த நூல் கலந்த கார்பெட் டைல் விற்பனைக்கு வந்தது. பிறகு ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டிலும் இந்தத் திட்டம் போனது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வலைக்குக் காசு கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஊருக்கு ஊர் சேமிப்புக் குழுக்களை அமைத்தார்கள். உறுப்பினர்கள் சிறுகச் சிறுகச் சேமிப்பதும், அதிலிருந்தே கடன் எடுப்பதும், கணக்கு எழுதுவதும் நாம் செய்கிற அதே முறைதான். வங்கி வாசலை மிதிக்காத குடும்பங்கள் அவை.

ஏன் இது முக்கியம்? யோசிச்சுப் பாருங்க. கரை சுத்தமாக ஆக, பொறுக்க வலை குறையும். வலை குறைந்தால் வருமானமும் குறையும். வேலை நன்றாக நடந்தாலே கூலி குறைகிற தொழில் இது. அப்படி இருக்கும்போது, சில்லறையாக வருகிற காசு சில்லறையாகவே செலவாகிப் போனால், கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. சேமிப்பில் சேர்ந்த காசு மட்டும்தான் வலை தீர்ந்த பிறகும் கடனாகச் சுற்றிக்கொண்டு, ஆடு வாங்கவும் பிள்ளை படிக்கவும் உதவும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். கம்பெனிக்குத் தேவைப்பட்ட நூலில் இந்தக் கிராமத்து வலையின் பங்கு சிறியதுதான். பழைய கார்பெட், மீன் பண்ணை வலை, ஆலைக் கழிவு என்று வேறு வழிகளிலும் அவர்களுக்கு நைலான் கிடைக்கும். விற்கிற நமக்கு வாங்குபவர் ஒருவர். வாங்குபவருக்கு நாம் பலரில் ஒருவர். இதை மனசில் வைச்சுக்கிட்டுத்தான் எந்தக் கழிவுத் தொழிலிலும் இறங்கணும்.

நம் குழுக்களைத் தேடி யாராவது பிளாஸ்டிக்கோ, துணிக் கழிவோ, நாரோ கேட்டு வந்தால் இவற்றைக் கேளுங்க:

1. எந்த வகை வேண்டும், எது கூடாது? ஒன்றோடு ஒன்று கலந்தால் விலை போகாது. மாதிரி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. கிலோவுக்கு என்ன விலை, எத்தனை மாதத்துக்கு? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

3. எடை எங்கே போடுவது? நம் தராசில், நம் கண் முன்னால் போட வேண்டும்.

4. வண்டிக் கூலி யாருடையது? ஒரு குழுவால் ஒரு லோடு சேராது. கூட்டமைப்பாகச் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

5. அவர்கள் வாங்குவதை நிறுத்தினால் தேங்கின சரக்கை என்ன செய்வது?

ஆறாவது கேள்வி நமக்கு நாமே கேட்பது: வருகிற பணத்தில் எவ்வளவு சேமிப்புக்குப் போகும்? அதை முதல் நாளே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் என்ன கழிவு, எவ்வளவு சேருது என்று கணக்கெடுத்து வந்தால், கூட்டமைப்பு மேற்கொண்டு பேச வசதியாக இருக்கும்.