இறக்கி வைத்த சுமை யார் தலையில்?

 

ஒடுக்கும் தரப்பில் பிறந்த ஒருவர் விடுதலைக்குத் துணைநிற்க முடியுமா என்று பேசச் சொன்னீர்கள். பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு பதில் சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவோம். அதனால் ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்து வந்திருக்கிறேன். அவர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்பானியக் கத்தோலிக்கத் துறவி, பார்த்தொலோமே தெ லாஸ் காசாஸ்.

செவில் நகரத்து வணிகரின் மகன் அவர். அப்பா கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கப்பலேறியவர். மகன் 1502-இல் எஸ்பான்யோலா தீவில் இறங்கினார். இன்று ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவு அது. அங்கே 'என்கோமியெந்தா' என்றொரு ஏற்பாடு இருந்தது. ஒரு ஸ்பானியருக்கு இத்தனை பூர்வகுடிகள் என்று அரசு ஒதுக்கும். அவர்கள் அவருடைய சுரங்கத்திலும் வயலிலும் உழைக்க வேண்டும். பதிலுக்கு அவர் அவர்களைப் பாதுகாத்து, கிறிஸ்தவ மறையைக் கற்றுத்தர வேண்டும். காகிதத்தில் அவர் ஆசிரியர்; நடைமுறையில் எஜமான். லாஸ் காசாஸும் அப்படி ஓர் எஜமானாகத்தான் இருந்தார். குருப்பட்டம் பெற்ற பிறகும் அது மாறவில்லை.

1511 டிசம்பரில், அந்தத் தீவின் தேவாலயத்தில் அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்ற டொமினிக்கன் துறவி மறையுரை ஆற்றினார். பூர்வகுடிகளை வதைக்கும் நீங்கள் எல்லோரும் பெரும்பாவத்தில் வாழ்கிறீர்கள் என்று குடியேறிகளின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அக்காலத்தில் ஒரு டொமினிக்கன் துறவி, ஆட்களை வைத்திருக்கிறாய் என்ற காரணத்துக்காகவே லாஸ் காசாஸுக்குப் பாவமன்னிப்பு தர மறுத்தார். அப்போதும் அவர் தன் ஆட்களை விடவில்லை.

பிறகு கியூபாவைப் பிடிக்கப் போன படைக்கு ஆன்மகுருவாகச் சென்றார். கவோனாவோ என்ற ஊரில் ஸ்பானியப் படை மக்களை வெட்டிச் சாய்த்ததைக் கண்ணெதிரே பார்த்தார். கலங்கினார். ஆனாலும் அதே கியூபாவில் அரிமாவோ ஆற்றங்கரையில் நிலமும் ஆட்களும் ஒதுக்கப்பட்டபோது வாங்கிக்கொண்டார். இதைக் கவனியுங்கள் தோழர்களே. கொடுமையைப் பார்த்து வருந்துவது வேறு, அந்தக் கொடுமையால் நமக்குக் கிடைக்கும் பங்கை விடுவது வேறு.

1514-இல் ஒரு மறையுரைக்குத் தயார் செய்யும்போது சீராக்கின் ஞானம் நூலில் ஒரு பகுதி அவர் கண்ணில் பட்டது. ஏழைகளிடமிருந்து பறித்ததைக் கடவுளுக்குக் காணிக்கையாகத் தருவதைக் கண்டிக்கும் பகுதி. தன் தட்டில் இருக்கும் உணவைப் பற்றித்தான் அது பேசுகிறது என்று அவருக்கு உறைத்தது. முதலில் ஆளுநரிடம் போய்த் தன் ஆட்களை விடுவதாகச் சொன்னார். பிறகுதான், ஆகஸ்ட் 15 அன்று, மற்றவர்களையும் விடச் சொல்லிப் பிரசங்கித்தார்.

அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் ஓயாத உழைப்பு. 1522-இல் டொமினிக்கன் சபையில் சேர்ந்தார். ஆயுதத்தால் மதம் பரப்பக்கூடாது, கற்பித்தலும் இணங்கவைத்தலுமே வழி என்று எழுதினார். குவாத்தமாலாவில் ஸ்பானியர் 'போர் நிலம்' என்று அழைத்த பகுதிக்குள் ஐந்து ஆண்டுகளுக்குக் குடியேறிகள் யாரும் நுழையக்கூடாது என்று 1537-இல் ஆளுநரிடம் உறுதி வாங்கினார். 1542-இன் புதிய சட்டங்களுக்குப் பின்னால் அவருடைய வாதங்கள் இருந்தன. சியாப்பாஸ் ஆயரானதும், பூர்வகுடிகளை அடிமையாக வைத்திருப்போருக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்றார். தனக்கு மறுக்கப்பட்டதை இப்போது அவர் மற்றவர்களுக்கு மறுத்தார். குடியேறிகள் கொதித்தெழுந்தார்கள்.

1550-இல் வய்யதோலித் நகரில் செபூல்வேதா என்ற அறிஞரோடு வாதம். சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தைச் செபூல்வேதா பூர்வகுடிகள்மேல் பொருத்தினார். அவர் அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. லாஸ் காசாஸ் ஐந்து நாள்கள் தன் மறுப்பை வாசித்தார். தீர்ப்பு எதுவும் வெளிவரவில்லை. அந்த அவையில் நீதிபதியாகவோ வாதியாகவோ ஒரு பூர்வகுடிகூட இல்லை.

முன்பொரு கூட்டத்தில் லாஸ் காசாஸைப் பற்றி இதுவரைக்கும்தான் பேசினேன். நல்ல கைதட்டல். முடிந்ததும் ஒரு மாணவி வந்து, “கறுப்பர்களைப் பற்றி அவர் என்ன சொன்னார், ஐயா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். தெரிந்தேதான் விட்டிருந்தேன். மாசற்ற ஒரு நாயகன் எனக்குத் தேவைப்பட்டான். அன்று விட்டதை இன்று சொல்கிறேன்.

பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று 1516-இலும் அதற்குப் பிறகும் அரசுக்கு அவர் அளித்த யோசனைகளில் ஒன்று, வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவரலாம் என்பது. அதில் ஆப்பிரிக்கர்களும் அடக்கம். அடிமை வணிகத்தை அவர் தொடங்கி வைக்கவில்லை. அவருக்கு முன்பே ஆப்பிரிக்கர்கள் அந்தத் தீவுக்கு இழுத்து வரப்பட்டிருந்தார்கள். ஆனால் அதற்குத் தன் சொல்லையும் நற்பெயரையும் கொடுத்தார். ஒருவர் தலையிலிருந்து சுமையை இறக்க, இன்னொருவர் தலையைக் காட்டினார்.

பின்னாளில், போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்கர்களைப் பிடித்த விதம் அறிந்து மனம் மாறினார். அதுவும் இதே அநீதிதான், அறியாமல் செய்தேன் என்பது கடவுள் முன் தன்னைக் காப்பாற்றுமா என்று தெரியவில்லை என்ற பொருளில் 'இந்தியாக்களின் வரலாறு' நூலில் எழுதினார். நேர்மையான சொல்தான். ஆனால் 1559-இல் அந்தக் கையெழுத்துப் படியை ஒரு துறவுக் கல்லூரியிடம் ஒப்படைத்து, நாற்பது ஆண்டுகளுக்கு வெளியிட வேண்டாம் என்றார். நூல் அச்சேறியது 1875-இல். பூர்வகுடிகளின் அழிவைச் சொல்லும் நூலை 1552-இல் தானே அச்சிட்டவர் அவர். ஆப்பிரிக்கர்களுக்காக அப்படி ஒரு நூலை அச்சிட்டு அவர் ஊரறியச் செய்யவில்லை. ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்ட வணிகம், 19-ஆம் நூற்றாண்டு வரை நீண்டது.

அவர் காலத்திலேயே ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசினார்கள். 1519 முதல் 1533 வரை தாய்னோ தலைவர் என்ரிக்கீயோ மலைகளிலிருந்து போரிட்டு, ஸ்பானியரை உடன்படிக்கைக்கு வரவழைத்தார். 1520-களின் தொடக்கத்திலேயே, கொலம்பஸின் மகன் தியேகோவின் கரும்புத் தோட்டத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் சொன்னது லாஸ் காசாஸுக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஒடுக்கும் தரப்பில் பிறந்தவர் துணைநிற்க முடியுமா? முடியும். லாஸ் காசாஸ் தன் பங்கை விட்டார், சொந்தத் தரப்பின் பகையைச் சம்பாதித்தார். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படிநிலையில் ஒருவரை மேலே தூக்க இன்னொருவரைக் கீழே வைத்தால், படிநிலை அப்படியேதான் இருக்கும். அதை உணர்ந்த பிறகு வரும் வருத்தத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் யாருக்கும் பயனில்லை.

அந்த மாணவி கேட்ட கேள்வியை எல்லாத் தலைவர்களிடமும் கேளுங்கள், தோழர்களே. இங்கே நின்று பேசும் என்னிடமும் கேளுங்கள்.