கோட்டை போனது, ஊர் நின்றது



வரலாற்று ஆசிரியனைப் பேசக் கூப்பிட்டால் ராஜா கதை எதிர்பார்ப்பீங்க. நான் தலைக்கணக்குச் சொல்லப் போகிறேன்.

வெனிஸ் ஒரு கடல் வணிகக் குடியரசு. 1630-31 கொள்ளைநோயில், இருந்த சுமார் 1,40,000 பேரில் 46,000 பேர் மாண்டனர். மூன்றில் ஒருவர்! பிறகு வெளியூர்க் குடும்பங்கள் வந்து குடியேறித்தான் நகரம் நிமிர்ந்தது.

நம்ம தேவனாம்பட்டினத்தைப் பாருங்க. 1690-இல் மராட்டியரிடம் கோட்டையை வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை தன் எல்லை என்றது. அவைதான் 'குண்டு கிராமங்கள்'. எல்லை போட்டால் ஊராகிவிடுமா? நெசவாளரும் வணிகரும் வேண்டியிருந்தது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும் கம்பெனியின் தலைமையிடமே இங்கு வந்தது. 1752-இல் திரும்பிப் போனது. 1758-இல் லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். கோட்டை போச்சு, கடலூர் இருக்குதே!

மாணவச் செல்வங்களே, வேலை தேடி வெளியூர் போங்க, தப்பில்லை. ஆனால் பிழைப்புத் தேடி இங்கே வருகிற வெளிமாநிலத் தொழிலாளியை அந்நியன்னு ஒதுக்காதீங்க. வந்தவர்களால்தான் இந்த ஊர் வளர்ந்தது. போன நண்பர்களே, நீங்களும் அடிக்கடி வந்துட்டுப் போங்க.