துறவுக் கோலமும் துப்பறியும் கண்ணும்
(குடவாசல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேரமான் கணைக்கால் இரும்பொறையைச் சோழன் அடைத்துவைத்த சிறை, நாம் கூடியிருக்கும் இந்தக் குடவாயிலிலே இருந்தது என்பது புறநானூறு தரும் செய்தி. நான் பேச வந்ததோ வேறொரு சிறையைப் பற்றி. அது திபெத்திலே இருந்தது. அதிலே கிடந்தவர் மன்னரல்லர், துறவி. அவர் செய்த குற்றம், வந்தவரை வரவேற்றது!

அரசுக்கு ஒற்றர் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வள்ளுவரே ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். துறவிக் கோலத்திலே செல்லும் ஒற்றனையும் அதிலே சொன்னார். ஆனால் திருக்கோவலூர் மெய்ப்பொருளார் கதையும் நமக்குத் தெரியும். திருநீறு பூசி வந்த முத்தநாதனின் ஏட்டுக்கட்டிலே ஒளிந்திருந்தது படைக்கலமல்லவா?

வெள்ளையராட்சியின் நில அளவைத் துறை, 1865இலே நைன் சிங் என்பவரைத் திபெத்துக்கு அனுப்பியது. கையிலே ஜெபமாலை; 108 மணிகள் இருக்கவேண்டிய இடத்திலே நூறே மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி! மந்திரம் எண்ணவேண்டிய மாலை, காலடியை எண்ணிற்று. சுழற்றும் ஜெபச் சக்கரத்துக்குள்ளே அளவைக் குறிப்புகள்.

அவருக்குப் பின் சென்றவர் சரத் சந்திர தாஸ். டார்ஜிலிங்கிலே பள்ளித் தலைமையாசிரியர். 1879இலே டாஷில்ஹுன்போ மடத்துக்குக் கல்வி நாடிச் சென்றார்; 1881இலே மீண்டும் புறப்பட்டு, மறு ஆண்டு லாசாவையும் கண்டார். அவரை வெறும் வேடதாரி என்று நான் சொல்லமாட்டேன். திபெத்திய மொழிக்கு அகராதி தொகுத்த புலமையாளர் அவர். அந்தப் புலமையை நம்பித்தான் செங்சென் லாமா இடங்கொடுத்தார்.

திரட்டிய செய்தி வெள்ளையரிடம் சேர்ந்தது. தாஸுக்கு ராவ்பகதூர் போன்றதொரு ‘ராய்பகதூர்’ பட்டம் கிடைத்தது. வரவேற்றவருக்கு? உண்மை தெரிந்ததும் லாசா ஆட்சியினர் அவரைச் சிறையிட்டனர். 1887இலே ஆற்றிலே அமிழ்த்திக் கொன்றனர். உதவிய பால்ஹா குடும்பத்தாரும் சிறைப்பட்டனர். கொன்றது லாசாவின் கை, அதை மறைக்கவேண்டியதில்லை. கயிறு திரித்துக் கொடுத்தது எவர் கை?

பழங்கதை என்பீர்களோ? நியூயார்க் காவல்துறை பள்ளிவாசல்களிலே வேவு பார்த்தது 2011இலே அம்பலமாயிற்று. அதற்கென அமைத்த பிரிவினால் ஒரு பயங்கரவாத வழக்குக்கும் துப்புக் கிடைக்கவில்லை என்று அத்துறை அதிகாரியே 2012இலே சாட்சியம் சொன்னார். 2014இலே அப்பிரிவு கலைக்கப்பட்டது.

கலிபோர்னியாவின் இர்வைன் பள்ளிவாசலிலே நடந்தது இதைவிட விந்தை. எஃப்.பி.ஐ. 2006இலே அனுப்பிய ஆள், மதம் மாறியவராக நடித்து, நாளடைவிலே வன்முறை பேசத் தொடங்கினார். தொழ வந்தவர்கள் அஞ்சி, அவரை எஃப்.பி.ஐ.யிடமே புகார் செய்தார்கள்! பிறகு அந்த மக்கள் நீதி கேட்டு வழக்குத் தொடுத்தபோது அரசு சொன்ன விடை: ‘அரசாங்க இரகசியம், வெளியிட இயலாது.’