இறுகிப்போன சைக்கிள் பெடலைக் கழற்றுவது எப்படி?

(வானொலி பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



விதை, உரம், பூச்சி மருந்து என்று எத்தனையோ விஷயங்களை இந்த நிகழ்ச்சியில் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் பேசப் போவது சைக்கிள் பெடலைப் பற்றி. "இதைப் போய் ரேடியோவில் சொல்லணுமா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இப்போது வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. இருந்தாலும் விடியற்காலையில் பால் கேன் போவதும், வரப்போரத்துப் புல்லுக்கட்டு வீடு வந்து சேருவதும், அரை மூட்டை உரம் வயலுக்குப் போவதும் இன்னும் பல ஊர்களில் சைக்கிளில்தான். பெட்ரோல் கேட்காத வண்டியாயிற்றே அது!

நான் பதினெட்டு வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தவன். இப்போது இரண்டு ஏக்கர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் கடையில் கற்றது அல்ல, எங்கள் வீட்டுத் திண்ணையில் கற்றது.

எனக்கு அப்போது பதினாலு வயசு. அப்பா தினமும் பதினெட்டு லிட்டர் பாலை ஆறு கிலோமீட்டர் தூரம் சைக்கிளில் கொண்டுபோய் ஊற்றுவார். ஒருநாள் இடது பெடல் உடைந்து கட்டை எல்லாம் உதிர்ந்து, அச்சு மட்டும் கிராங்கில் நின்றது. அப்பா புதுப் பெடல் வாங்கி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். "நாமே மாற்றிவிட்டால் காலையில் அப்பா பார்த்துச் சந்தோஷப்படுவாரே" என்று ராத்திரியில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தத் திருகாணியும் இடது பக்கம் திருப்பினால் கழலும் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. திருப்பினேன், அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி முழுப் பலத்தையும் போட்டேன். ஸ்பேனர் வழுக்கி, அச்சில் ஸ்பேனர் பிடிக்கிற இடமே உருண்டையாக மழுங்கிப் போச்சு.

காலையில் அப்பா பால் கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். போய்ச் சேருவதற்குள் பால் எடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. வெயிலில் பால் திரிந்தும் போச்சு. அன்றைய வருமானம் அவ்வளவுதான். அதோடு அந்தக் கிராங்கையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "தெரியலைன்னா கேட்டுட்டுச் செய்யணும்டா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டியதைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் செய்த தப்பு என்ன? இடது பெடலின் மரை வேறு மாதிரி. ஸீட்டில் உட்கார்ந்து பார்த்தால் வலது கைப் பக்கம் இருக்கிற பெடலுக்குச் சாதாரண மரை. இடது கைப் பக்கத்துப் பெடலுக்கு எதிர் மரை. நான் கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறேன்!

ஏன் அப்படி வைத்தார்கள்? ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற தாய்மார்களுக்கு இது சுலபமாகப் புரியும். குழவியைக் குழியின் ஓரத்தோடு அழுத்திச் சுற்றும்போது கையைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். நாம் ஒரு பக்கம் சுற்ற, குழவி தன்னைத்தானே எதிர்ப் பக்கம் உருளும். பெடல் அச்சும் இதே மாதிரிதான். நாம் மிதிக்க மிதிக்க, கிராங்கின் ஓட்டைக்குள் அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் உருண்டுகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மரையாக இருந்தால் இடது பெடல் ஓட ஓடக் கழன்று விழுந்துவிடும். எதிர் மரை போட்டிருப்பதால் ஓட ஓட இறுகுகிறது. 1903-ல் விமானம் ஓட்டிய ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். கழன்று போகாத பெடல் என்று 1900-ல் தங்கள் சைக்கிளுக்கு அவர்கள் விளம்பரம் செய்தது இந்த மாதிரி மரை போட்ட பெடலைத்தான்.

ஆக, மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் பெடலை இறுக்குகிறது. அதோடு மழைத் தண்ணீரும் சேற்றுத் தண்ணீரும் மரைக்குள் இறங்கும். உர மூட்டையிலிருந்து சிந்துகிற உப்பு, ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். மரைக்கு நடுவில் இருக்கிற சந்தையெல்லாம் துரு அடைத்துக்கொள்ளும். பெடல் "பிடித்துக்கொள்வது" இப்படித்தான்.

இனிக் கழற்றும் முறையைச் சொல்கிறேன். இடது, வலது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு பெடலுக்கும் பொருந்துகிற ஒரே கணக்கு இருக்கிறது. சைக்கிள் நேராக நிற்கட்டும். கிராங்கை முன் சக்கரத்தைப் பார்த்து நீட்டி வையுங்கள். ஸ்பேனரை அச்சில் மாட்டி, அதன் வால் பின் சக்கரத்தைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போது வாலைக் கீழே அமுக்குங்கள். வலது பெடலானாலும் கழலும், இடது பெடலானாலும் கழலும். "கிராங்க் முன்னே, ஸ்பேனர் பின்னே, அமுக்கு கீழே." இதை மனசில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு எச்சரிக்கை: சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் நிமிர்த்தி வைத்தே வேலை செய்யுங்கள்.

அவசரப்படாதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே மண்ணெண்ணெயோ டீசலோ எடுத்து, அச்சு கிராங்கில் நுழைகிற இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கிராங்கின் உள்பக்கம் அச்சின் முனை தெரியும், அங்கேயும் விடுங்கள். சைக்கிளை அந்தப் பக்கமாகச் சாய்த்து வைத்தால் எண்ணெய் மரைக்குள் இறங்கும். ஒரு ராத்திரி ஊறட்டும். படுக்கப் போகும்போது இன்னொரு தடவை விட்டால் இன்னும் நல்லது. காலையில் கிராங்கின் ஒரு பக்கத்தில் கனமான இரும்பையோ கருங்கல்லையோ அண்டக் கொடுத்து, மறுபக்கம் சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். அதிர்ச்சியில் துரு விடும், எண்ணெய் உள்ளே போகும். அண்டக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே இருக்கிற பால்ரஸ் குண்டுகளுக்குப் போய்ச் சேரும்.

ஸ்பேனர் அளவு சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலான பெடலுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். மாட்டிய பிறகு ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ ஸ்பேனர் வழுக்கும், அச்சை மழுக்கிவிடும். என் கதை அதுதான். பலம் போதவில்லை என்றால் ஸ்பேனர் வாலில் குழாய் செருகலாம். ஒரு சாண் ஸ்பேனரை ஒரு முழமாக்கினால் விசை இரண்டு மடங்கு கிடைக்கும். ஆனால் குழாய் போடுவதற்கு முன், பக்கம் சரிதானா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான பக்கம் போனால் கேடும் இரண்டு மடங்குதானே!

குழாய் போட்டு அமுக்கினால் கிராங்க் பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும். அதனால் பக்கத்தில் ஒருவர் நின்று, கழற்றுகிற பெடல் மேலேயே காலை வைத்து அமுக்கி, பின் பிரேக்கையும் பிடித்துக்கொள்ளட்டும். கை விஷயத்திலும் ஜாக்கிரதை. பெடல் "டக்" என்று விடும்போது கை பல் சக்கரத்தில் போய் விழும். பல் சக்கரத்தின் மேல் கோணிச் சாக்கை மடித்துப் போடுங்கள். விரல்களை மடக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் அமுக்குங்கள்.

இதற்கும் மசியவில்லையா? கிராங்கைச் சூடாக்கலாம். துணியைச் சுற்றிக் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிவிட்டு உடனே திருப்பிப் பாருங்கள். புது மாதிரி அலுமினியக் கிராங்குக்கு இது நன்றாகவே பலன் கொடுக்கும். அலுமினியம் இரும்பை விட அதிகமாக விரியும். இரும்புக் கிராங்குக்கு வெந்நீர்ச் சூடு பற்றாது, பட்டறை நெருப்புத்தான் வேண்டும். ஆனால் மண்ணெண்ணெயோ டீசலோ விட்ட இடத்தில் நீங்களாக நெருப்புக் காட்டாதீர்கள். பட்டறைக்காரரிடமும் எண்ணெய் விட்டிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அச்சு மழுங்கிப்போன பெடலுக்கும் வழி உண்டு. காட்டர் பின்னைத் தட்டிக் கிராங்கோடு கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பெடல் கட்டையைப் பிரித்து எடுத்துவிட்டு, அச்சை வைஸில் இறுக்கிப் பிடித்துக் கிராங்கைச் சுற்றுவார்கள். கிராங்கே நீளமான கைப்பிடி மாதிரி ஆகிவிடும். எத்தனையோ பெடல்களை நான் இப்படிக் கழற்றியிருக்கிறேன்.

புதுப் பெடல் மாட்டும்போதும் கவனம் வேண்டும். பெடல் அச்சில் இடதுக்கு 'எல்', வலதுக்கு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து பெரும்பாலும் பொறித்திருக்கும். எழுத்து தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கிராங்க் மரையை மண்ணெண்ணெயும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். அச்சு மரையில் கிரீஸ் தடவுங்கள். முதல் நாலைந்து சுற்று கையாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது அல்லது பக்கம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். கழற்றித் திரும்ப மாட்டுங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கிராங்கின் மரை சீவிக்கொண்டு போய்விடும். அப்புறம் பெடல் விலையோடு கிராங்க் விலையும் சேர்ந்துவிடும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால், இரண்டு பெடலையும் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள். கால் மணி நேர வேலை. விரல் நுனி அளவு கிரீஸ் போதும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கொடுத்த சைக்கிள் தாழ்வாரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தால் அதற்கும் செய்யுங்கள். ஓடாத சைக்கிளையும் துரு விட்டு வைக்காது.

உங்கள் வீட்டிலும் பதினாலு வயசுப் பிள்ளை இருக்கலாம். நாளைக்கு அவனோ அவளோ ஸ்பேனரைக் கையில் எடுத்தால் விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "கிராங்க் முன்னே, ஸ்பேனர் பின்னே, அமுக்கு கீழே" என்று சொல்லிக் கொடுங்கள். பாலும் நேரத்துக்குப் போய்ச் சேரும், பிள்ளை கையில் ஒரு தொழிலும் சேரும்.