பால் வடியும் முட்புதர்

கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் வடகிழக்குவரை, வறண்ட புதர்க்காடுகளில் வளரும் ஒரு கள்ளியின் பெயர் யூஃபோர்பியா கிராண்டிகார்னிஸ். ஆளுயரம், சில இடங்களில் அதற்கும் மேலே. மூன்று பட்டையுள்ள சதைப்பற்றான தண்டு, இடையிடையே இறுக்கிக் கட்டியதுபோல் குறுகிக் குறுகி மேலேறும். அலையலையான ஓரங்களில் முட்கள் இரண்டிரண்டாக, மாட்டுக் கொம்புபோல விரிந்து நிற்கும். ஒவ்வொன்றும் ஏழு சென்டிமீட்டர் நீளம்வரை வளரும்.

இலை? பெயருக்குத்தான். துளிர்த்த வேகத்தில் உதிர்ந்துவிடும். சமையல் வேலை முழுக்கப் பச்சைத் தண்டின் தலையில்! அதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. பகல் வெயிலில் துளைகளைத் திறந்தால் தண்ணீர் போய்விடும். எனவே இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்துக்கொள்கிறது. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அதையே சர்க்கரையாக்குகிறது.

முள்ளைக்கூட ஒதுங்கிப்போய்த் தப்பலாம். ஆனால் தண்டைக் கீறியதும் பொங்கிவரும் வெள்ளைப் பால் பொல்லாதது. தோலில் பட்டால் எரியும், கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். உடனே நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இப்படிப்பட்ட பால் வடியும் கள்ளிகளையும் கறுப்புக் காண்டாமிருகம் மென்று தின்கிறது என்றால், அதன் வாயை என்னவென்று சொல்வது!

அமெரிக்கக் கண்டத்துச் சப்பாத்திக்கள்ளிக்கும் இதற்கும் உறவில்லை. நம்மூர் வேலியோரச் சதுரக்கள்ளிதான் இதன் நெருங்கிய பங்காளி. திருகுகள்ளியும் இதே பேரினம்தான்; அதன் பூர்வீகமும் ஆப்பிரிக்காவே.