தண்ணீர்ப் பந்தலும் ஓவியமும்

கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவரிடம் நாம் நீர் அருந்தலாம்; அந்நீரையே குடத்தில் நிரப்பி அடுத்த தெருவில் விலை கூறலாமா?

அந்தமான் ஓவியர் ஒருவர் செல்லுலார் சிறையைக் கணினியில் தீட்டி, யாவரும் காணட்டும் என்று இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறார் எனக் கொள்வோம். அப்படம் அவரைக் கேளாமலே சட்டையில் அச்சாகி அபர்தீன் கடைவீதியில் விலைபோனால், வரைந்தவருக்குப் பெயரும் இல்லை, பொருளும் இல்லை.

இது வெறுங் கற்பனையன்று. ‘கின்னி’ என்னும் பெயரால் அறியப்பட்ட கனடிய ஓவியர் சிங் ஹான் 2020-இல் மறைந்தார். அவர் இணையத்தில் பகிர்ந்திருந்த ஓவியங்களை 2021-இல் பிறர் ‘என்.எஃப்.டி.’ என்னும் மின்சொத்தாக்கி விற்பனைக்கு வைத்தனர்.

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பெற்றது. அதன்படி, பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர், பதிவு கட்டாயமன்று. உரிமையைப் பிறருக்கு மாற்ற எழுத்து வேண்டும். ஓவியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவ்வுரிமை நிலைக்கும். அறிந்தே மீறுவோர்க்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

காணத் தந்தது விற்கத் தந்ததாகாது. ஆதலின், நினைவுப்பொருள் வாங்குமுன், ‘வரைந்தவர் யார்? அவர் இசைவு உண்டா?’ என்று கேட்போம். கேட்பார் உளரெனில், களவுப் பண்டம் கடையேறத் தயங்கும்.