பெயர் ஒட்டுமுன் பார்த்தல்



இனவாதத்தின் காயத்தை ஆற்றப் பௌத்த தியானம் உதவும் என்றால் இலங்கைத் தமிழருள் பலர் கசப்போடுதான் சிரிப்பர். காவியுடை தரித்த சிலர் மேடையேறி இனவாதம் பேசக் கேட்டவர்கள் நாம், 1983ஐக் கண்டவர்கள். அந்தக் கசப்பு எனக்கும் உண்டு. ஆயினும் இன்று ஒரு துறவியையும் அவருடைய நூலையும் பற்றிப் பேச விழைகிறேன்.

ஞானபோனிக தேரர் 1901இல் ஜேர்மனியின் ஹனாவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சி யூதரை ஒடுக்கிய நாளில் தாயோடு வியன்னா சென்றார். 1936இல் இலங்கை வந்து துறவு பூண்டார். ஒஸ்திரியாவும் நாஜிகள் வசமானபின் தாயை இங்கே வரவழைத்தார். போர் மூண்டபின் பிரித்தானியர் அவரை எதிரி நாட்டவர் எனத் தடுத்து வைத்தனர். அங்கே யூதர் என்று ஒதுக்கப்பட்டவர், இங்கே ஜேர்மனியர் என்று கைதியானார். தியத்தலாவையிலும் பின்னர் வட இந்தியாவின் டேராடூனிலும் 1946 வரை முகாம் வாழ்வு.

முகாமில் இருந்தபடியே பாளி நூல்களை ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்தார். சதிபட்டான தியானம் பற்றிய பகுதிகளைத் தொகுத்தார். இங்கே 'சதி' என்பது நாம் அஞ்சும் சதியன்று. 'ஸ்மிருதி' என்ற வடசொல்லின் பாளி வடிவம். விழிப்போடு இருத்தல் என்பது கருத்து. 1954இல் கொழும்பில் வெளிவந்த அவரது 'பௌத்த தியானத்தின் இதயம்' என்னும் ஆங்கில நூல் இதனையே விளக்குகிறது. விருப்பு, வெறுப்பு, தீர்ப்பு எதுவும் ஒட்டுமுன் உள்ளதை உள்ளபடி காணும் வெறுங் கவனமே அதன் அடிப்படை.

இதனை நம் அனுபவத்தோடு சேர்த்து வாசிக்கிறேன். போர்க்காலச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்தவுடன் காவலரின் முகம் மாறும். அவர் பார்த்தது என்னையல்ல, என் பெயரை. அப்போது என் நெஞ்சு இறுகும். 'இவர்கள் எல்லோரும் இப்படித்தான்' என்று மனம் சொல்லும். அந்தக் கணத்தில் நானும் எதிரே நிற்பவரைப் பார்ப்பதில்லை.

வெறுப்புள்ள மனத்தை வெறுப்புள்ள மனம் என்றே அறியச் சொல்கிறது சதிபட்டான சூத்திரம். அதை மறைக்கவும் வேண்டாம், நியாயப்படுத்தவும் வேண்டாம். 'வெறுப்பு வந்திருக்கிறது' என்று அறிந்தவனுக்கு, அடுத்த சொல்லைச் சொல்லுமுன் ஓர் இடைவெளி கிடைக்கிறது. அவமானத்துக்கும் இதுவே வழி. வலிக்கிறது என்று அறியலாம். நான் தாழ்ந்தவன் என்று நம்ப வேண்டியதில்லை.

இது நீதிக்கு மாற்றன்று. எரிந்த வீட்டுக்கு நட்டஈடும், காணாமற்போன பிள்ளை எங்கே என்பதற்குப் பதிலும் தியானத்தால் வாரா. அவற்றைக் கேட்டே ஆகவேண்டும். ஆனால், கேட்கும் நாம் நம் வெறுப்பைப் பிள்ளைகளுக்கு முதுசொமாக விட்டுச் செல்லாதிருக்க இந்தப் பயிற்சி உதவும்.

தேரர் 1994இல் கண்டி உடவத்தகலை வனத்துறவகத்தில் காலமானார். காவியைக் கண்டதும் முகம் திருப்பும் நாமும், அவருடைய நூலைப் பெயர் ஒட்டாமல் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.